கடிதத்தில் வந்த மரவேலை

என் கணவர் பட்டாளத்தில் சேர்ந்து புறப்பட்டபோது எங்களுக்குக் கல்யாணமாகி ஏழு மாதம் ஆகியிருந்தது. எனக்குப் பதினேழு வயது. மோகனூரில் பிறந்து, ஐந்தாம் வகுப்பு வரை படித்து, வெண்ணந்தூரில் ஒரு நெசவுக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டவள் நான். வீட்டில் இரண்டு குழித்தறிகள். மாமனார் ஒன்றில் உட்காருவார். மற்றொன்று மகனுக்காகப் போட்டது. மகன் அதில் உட்காரவே இல்லை; கூலிக்கு ஆள் வைத்துத்தான் ஓட்டினார்கள். சேலத்தில் ஒரு பஸ் முதலாளியின் பட்டறையில் மெக்கானிக்காக இருந்தார். சனிக்கிழமை பொழுது சாய வருவார், திங்கள் விடிய ஓடிவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கொல்லைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து மரம் அறுப்பார். சேலத்துப் பள்ளிக்கூடத்தில் கைத்தொழில் வகுப்பில் பழகியது. பள்ளிக்கூடத்தில் அதற்கு 'பிரெட்வொர்க்' என்று பெயராம். எங்கள் வீட்டில் வில் ரம்பம் என்போம். வில்லைப்போல ஓர் இரும்பு வளைவு, அதன் இரு முனைக்கும் நடுவே நூல் மாதிரி மெல்லிய அலகு. பலகையில் வரைந்த கோட்டின் மேலேயே அந்த அலகு வளைந்து நெளிந்து போகும். டீத்தூள் வரும் பெட்டியின் பலகைதான் அவருக்கு மரம்.

நான் பக்கத்தில் ராட்டையில் ஊடை நூலைத் தாராகச் சுற்றிக்கொண்டிருப்பேன். மாமியார் அங்குமிங்கும் நடமாடும் வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் பகலில் உட்கார்ந்து பேசிவிட முடியாது. கோட்டின் மேல் மரத்தூள் மூடிக்கொண்டால் அவர் தலையைத் தூக்காமலேயே, "ஊது புள்ள" என்பார். நான் ராட்டையை விட்டுவிட்டுக் குனிந்து ஊதுவேன். ஏழு மாதத்தில் பகல் வெளிச்சத்தில் நாங்கள் பேசிக்கொண்டது பெரும்பாலும் அவ்வளவுதான்.

அவர் போனபோது ஒரு கண்ணாடிச் சட்டம் பாதி அறுத்தபடி நின்றது. சுற்றிலும் ஆவாரங்கிளை ஓடுவதுபோல அவரே வரைந்தது. இடது பக்கத்து இலைகள் முடிந்திருந்தன. வலது பக்கம் வெறும் பென்சில் கோடு. அலகைக்கூட ரம்பத்திலிருந்து கழற்றாமல் போயிருந்தார்.

முதல் நாலைந்து கடிதங்களும் ஒரே அச்சாக வந்தன. நான் சௌக்கியம், அங்கே அப்பா அம்மா சௌக்கியமா, மழை உண்டா, பாவு நூல் கிடைக்கிறதா. அதற்கு மேல் அவரால் என்ன எழுத முடியும்? மேலதிகாரி ஒருவர் படித்துப் பார்த்துத்தான் தபாலில் சேர்ப்பார். வந்து சேர்ந்த பிறகு மாமனார் மாமியார் இருவருக்கும் நான் உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். எனக்கென்று அதில் ஒரு சொல்கூட இருக்காது. படித்து முடித்ததும் கடிதத்தை மாமியார் வாங்கி அடுப்புக்குப் பக்கத்து மாடத்தில் வைத்துவிடுவார்.

ஐப்பசி மழையில் ரம்பத்தில் துரு ஏறத் தொடங்கியது. எண்ணெய் போட எடுத்தேன். போட்டதோடு வைத்திருக்கலாம். பலகையைப் பார்த்ததும் ஒரே ஓர் இலையை அறுத்துப் பார்த்தால் என்ன என்று தோன்றிவிட்டது. இரண்டு இழுப்புத்தான் இழுத்திருப்பேன். டப்பென்று அலகு ஒடிந்து ஒரு துண்டு என் மடியில் விழுந்தது. அன்று பூராவும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் விட்டுப்போன பொருளை உடைத்துவிட்டேனே என்று. மறுநாள் மாமனார் சொல்லச்சொல்ல எழுதிய கடிதத்தின் அடியில் நானாக இரண்டு வரி சேர்த்தேன். "உங்கள் ரம்பத்தைத் தொட்டுவிட்டேன். அலகு ஒடிந்துபோயிற்று. மன்னிக்க வேண்டும்."

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. வழக்கமான நலம் விசாரிப்பு நாலு வரி. அதற்குப் பிறகு ஒரு முழுப் பக்கம் எனக்கு.

"அலகு ஒடிந்ததற்கு வருத்தப்படாதே. முதலில் எல்லோருக்கும் ஒடியும். தகர டப்பாவில் இன்னும் இருக்கிறது. பல் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டு. விரலால் தட்டினால் வீணைக் கம்பி மாதிரி கேட்க வேண்டும், அதுதான் இறுக்கம். ரம்பத்தை முன்னால் தள்ளாதே. அது ஒரே இடத்தில் மேலும் கீழும் போகட்டும். பலகையைத்தான் இடது கையால் திருப்ப வேண்டும். நீ தார் சுற்றும்போது நாக்கின் நுனியைக் கடித்துக்கொள்வாய். ரம்பம் போடும்போது கடிக்காதே, கை இறுகிவிடும்."

கடைசி இரண்டு வாக்கியங்களை நான் உரக்கப் படிக்கவில்லை. "என்ன சாமி நிறுத்திப்போட்ட?" என்று மாமியார் கேட்டார். "ரம்பத்தப் பத்திங்க அத்தை" என்றேன். முகம் சுட்டது. தலையைத் தூக்காமல் அறுத்துக்கொண்டிருந்த மனிதர் என் நாக்கு நுனி வரைக்கும் பார்த்திருக்கிறார்.

அதற்குப் பிறகு நான் கேட்பேன், அவர் சொல்வார். ஒரு கேள்விக்குப் பதில் வர ஒன்றரை மாதம் ஆகும், சில சமயம் இரண்டு. அந்த நேரத்தில் நூல் தட்டுப்பாட்டில் ஒரு தறி முழுதாக நின்றுவிட்டது. எனக்கு மத்தியானங்கள் மிஞ்சின. வீணாய்ப்போன பலகைத் துண்டில் முதலில் நேர்கோடு அறுத்தேன். கோடு ஒரு பக்கம், என் ரம்பம் ஒரு பக்கம் போனது. வளைவில் அலகு சிக்கிக்கொண்டது. மெழுகுவத்தியை அலகில் தேய்க்கச் சொல்லி எழுதினார். பாவுக்குப் போடும் கஞ்சியால் காகிதத்தைப் பலகையில் ஒட்டி, காகிதத்தின் மேலேயே கோடு போட்டுக்கொண்டால் நன்றாகத் தெரிகிறது என்று நான் எழுதினேன். "இது எனக்குத் தோன்றவில்லையே!" என்று பதில் வந்தது. அந்த ஒரு வரியை மட்டும் எத்தனை தடவை படித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

மாமியாருக்கு இந்த வேலை பிடிக்கவில்லை. ஒரு நாள் பின்னால் வந்து நின்றார்.

"மவன் சண்டைக்குப் போயிருக்கறான். ஊட்டுக்குள்ள பொழுதுக்கும் ரம்பச் சத்தம். எனக்கு என்னமோ பண்ணுது சாமி."

"அவுங்கதானுங்க அத்தை அறுக்கச் சொல்லியிருக்கறாங்க."

"அவன் சொல்லுவான். இங்க இருந்து கேக்கறது நானல்லோ."

நான் அன்றைக்கு எடுத்து வைத்துவிட்டேன். மறுநாள் மாமியார் வெளியே போன நேரம் பார்த்து அறுத்தேன். அப்படியே கொஞ்ச காலம் ஓடியது.

வட்டத்துக்குள் அறுப்பது எப்படி என்பது அடுத்த பாடம். ஓரத்திலிருந்து வராமல் நடுவில் மட்டும் மரத்தை எடுக்க வேண்டுமானால், முதலில் ஒரு சின்னத் துளை போட்டு, அலகின் ஒரு முனையைக் கழற்றி, துளைக்குள் விட்டு மறுபடி மாட்ட வேண்டும். "உள்ளே எடுக்க வேண்டியதை எல்லாம் முதலில் எடுத்துவிடு. வெளிக்கோடு கடைசியில். இல்லாவிட்டால் பிடித்துக்கொள்ள மரம் இருக்காது. இலை தண்டோடு சேரும் கூர்மூலை வேறு விதம். அதை அடுத்த கடிதத்தில் விவரமாக எழுதுகிறேன்" என்று முடித்திருந்தார்.

அந்த அடுத்த கடிதம் வரவில்லை.

ஒரு மாதம், இரண்டு மாதம், நாலு மாதம். பர்மா எல்லைப் பக்கம் என்று மட்டும் மாமனார் எங்கோ விசாரித்து வந்தார். தபால்காரர் எங்கள் வீதிக்குள் நுழைந்தால் மாமியார் உள்ளே போய்விடுவார். நான்தான் வாசலில் நிற்பேன். தபால்காரர் தூரத்திலேயே இல்லையென்று தலையை ஆட்டிவிடுவார். பக்கத்து வீதியில் ஒரு வீட்டுக்குத் தந்தி வந்தது. அன்று ஊரே அங்கே போயிற்று. திரும்பி வந்த மாமியார் நேரே கொல்லைக்குப் போய்த் தலை முழுகினார். நான் ரம்பத்தை எடுத்துத் துடைத்து, சாக்கில் சுற்றி, பரணில் வைத்துவிட்டேன்.

நாலைந்து நாள் கழித்து மத்தியானத்தில் மாமியார் வந்து என் எதிரே உட்கார்ந்தார்.

"ஏஞ் சாமி, ரம்பம் போடறதில்லையா?"

"உங்களுக்குப் புடிக்காதுங்களே அத்தை."

"புடிக்காதுதேன். சத்தம் நின்னுபோனதுக்கு அப்புறம் இன்னும் மோசமா இருக்குது. அது கேட்டா அவன் பின்னால உக்காந்துக்கிட்டு இருக்கற மாதிரி இருந்துச்சு. எடுத்து அறு."

அலகு இல்லை என்றேன். டப்பாவில் கடைசியாக இருந்ததும் ஒடிந்திருந்தது. அவை சீமையிலிருந்து வருகிறவை. சண்டையினால் சேலத்துக் கடைகளிலும் கிடைக்கவில்லை. மாமியார் எழுந்து போனார். விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பி வந்து முந்தானை முடிச்சை அவிழ்த்தார். நகை செய்கிறவர் வீட்டில் கேட்டு வாங்கி வந்த அலகுகள், மயிர் மாதிரி மெல்லியவை.

"அவுங்க வெள்ளி அறுக்கறதாம். இது ஆகுமா பாரு."

ஆயிற்று. மெதுவாகத்தான் அறுத்தது. பலகை துடிக்காமல் இருக்க மாமியார் எதிரே உட்கார்ந்து இரண்டு உள்ளங்கையையும் அதன் மேல் அழுத்திக்கொண்டார். கோட்டில் தூள் மூடினால் நான் கேட்காமலேயே ஊதுவார். இரண்டு பேருமே என் கணவர் பெயரைச் சொல்ல மாட்டோம். நான் பெண்டாட்டி, சொல்லக் கூடாது. பெற்ற அம்மா ஏன் சொல்லவில்லை என்று அப்போது நான் கேட்டுக்கொள்ளவில்லை. பயந்திருப்பார் என்று இப்போது தெரிகிறது.

கூர்மூலையில்தான் நாள்கணக்காக நின்றுபோனேன். மூலைக்கு வந்ததும் பலகையைத் திருப்பினால் அலகு முறுகி ஒடிகிறது. திருப்பாவிட்டால் கோட்டைத் தாண்டிப்போகிறது. ஓர் இலையின் காம்பே போயிற்று. அவருடைய பழைய கடிதங்களை எல்லாம் எடுத்து, எங்கேயாவது சொல்லியிருக்கிறாரா என்று தேடினேன். இல்லை. "வந்தபொறவு கேட்டுக்கலாம்" என்றார் மாமியார். வந்த பிறகு என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுகையில் கை முன்னால் போகவில்லை. ஆனால் நிறுத்தவும் தோன்றாமல் ரம்பம் அதே இடத்தில் மேலும் கீழும் போய்க்கொண்டே இருந்தது. அப்படியே பலகையை மெல்லத் திருப்பினேன். அலகு தனக்கு ஒரு துளி இடம் செய்துகொண்டு, சத்தமில்லாமல் முகம் திரும்பியது.

"அத்தை, திரும்பிருச்சுங்க!"

மாமியார் பலகையிலிருந்து கையை எடுத்து என் கன்னத்தைத் துடைத்தார். அவர் கையெல்லாம் மரத்தூள்.

சட்டம் முடிந்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கண்ணாடி பொருத்தி நடுச்சுவரில் மாட்டிய பிறகும் நாற்பது நாளுக்கு மேல் ஆயிற்று அவரிடமிருந்து ஒரு கார்டு வர. "காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தேன், இப்போது தேவலை." மூன்றே வரி. எழுத்து நடுங்கியிருந்தது. மாமியார் அந்தக் கார்டை மாடத்தில் வைக்கவில்லை, தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு வந்த கடிதங்கள் மீண்டும் பழைய அச்சுக்குப் போய்விட்டன. சௌக்கியம், சௌக்கியமா, மழை உண்டா. மூலையை நானே கண்டுபிடித்த கதையை இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். அது அவருக்குக் கிடைத்ததா என்றே தெரியவில்லை.

சண்டை முடிந்து அவர் வந்தார். பாதியாக இளைத்திருந்தார். அம்மா கட்டிக்கொண்டு அழுது ஓய்ந்த பிறகு, சுவரில் இருந்த சட்டத்தின் முன்னால் போய் நின்றார். விரலால் ஓரத்தைத் தடவினார். கழற்றித் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"மூலையெல்லாம் சுத்தமா வந்திருக்குதே. யாரு சொல்லிக் குடுத்தா?"

"நீங்கதானுங்க."

"நான் மூலையப் பத்தி எழுதினனா?" நெற்றியைச் சுருக்கி யோசித்தார். "இருக்கும்" என்று சொல்லிவிட்டு மறுபடி மாட்டினார்.

பிறகு அவருக்கு லாரி வேலை கிடைத்தது. சேலத்திலிருந்து பெங்களூர், பெங்களூரிலிருந்து வேறெங்கோ. நாலு நாளைக்கு ஒருமுறை வருவார், குளிப்பார், சாப்பிடுவார், தூங்குவார். நல்ல மனிதர். ஒருநாளும் என்மேல் கைநீட்டியதில்லை, கடுஞ்சொல் சொன்னதில்லை. பேச்சுத்தான் இல்லை. ரம்பத்தை அவர் திரும்பத் தொடவே இல்லை. நான்தான் அறுத்துக்கொண்டிருந்தேன். சாமி படத்துக்குச் சட்டம், எங்களுக்குப் பிறந்த குழந்தையின் தொட்டிலுக்கு விளிம்பு, கேட்டவர்களுக்கு எல்லாம். சில நாள் வேண்டுமென்றே ஏதாவது சந்தேகம் கேட்பேன். "உனக்குத் தெரியாததா புள்ள" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் ஒரு பக்கம் நிறையப் பதில் சொன்ன அந்த மனிதர் எங்கே போனார் என்று எனக்குள் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

என் தங்கை கல்யாணத்துக்காக மோகனூர் போயிருந்தோம். முகூர்த்தம் முடிந்த மத்தியானம், அக்கரையில் ஒரு சொந்தக்காரரைப் பார்க்கப் பரிசலுக்காகக் காவேரிக் கரையில் காத்திருந்தோம். குழந்தையை என் அம்மாவிடம் விட்டிருந்தேன். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் இருவரும் தனியாக அப்படி நின்றது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். தைரியம் வந்தது.

"ஏனுங்க, அப்ப மட்டும் பக்கம் பக்கமா எழுதுனீங்களே. எப்படிங்க?"

அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அங்க பட்டாளத்து வண்டிக்கு அடியில ராத்திரியும் பகலும் ஒரே மண்ணு, ஒரே எண்ணெய். உனக்கு ரம்பத்தப் பத்தி எழுதறப்ப ஊடு பக்கத்துல இருக்கற மாதிரி இருக்கும். அதுக்காகவே நீட்டி நீட்டி எழுதுவேன்."

"இப்ப?"

"இப்பத்தான் ஊட்டுலயே இருக்கறனே புள்ள."

அவர் உண்மையாகத்தான் சொன்னார். முகத்தில் நிம்மதி தெரிந்தது. நான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. பரிசல் வந்தது. கையைப் பிடித்து என்னை ஏற்றிவிட்டு எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்தார். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, முழங்கால் என் முழங்காலில் படும் தூரத்தில்தான் இருந்தார். அக்கரை போய்ச் சேரும் வரைக்கும் அவருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்ற ஆசையோடு நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.