கட்டைவிரல் மாமன்

சபாக் ஊரில் இருக்கும் என் தங்கை வாட்சப்பில் கேட்டிருந்தாள்: "அண்ணே, சின்னவளுக்குக் காது குத்துறோம். ஒன் மடியிலதான் ஒக்காரணும், வருவியா?" எங்கள் குடும்பத்தில் தாய்மாமன் சம்மதம் சொன்ன பிறகுதான் நாள் பார்ப்பார்கள். நானோ பழக்கதோஷத்தில் ஒரு கட்டைவிரலைத் தட்டி அனுப்பினேன்.

உடனே போன் அடித்தது.

"கட்டவிரலக் காட்டுற? லோரிய நிப்பாட்டவா நிக்கிற? வாயத் தொறந்து சொல்லு. அதுவரைக்கும் நாள் பாக்கமாட்டேன்."

வைத்துவிட்டாள். சமாதானப்படுத்தப் பூச்செண்டுப் படம் அனுப்பினேன், கும்பிடும் கைகளை அனுப்பினேன். பதிலே இல்லை.

வேறு வழியில்லாமல் கோல சிலாங்கூரிலிருந்து மோட்டார் சைக்கிளில் கிளம்பினேன். வழியெல்லாம் ஒத்திகை. ஆனால் வாசலில் அவளைக் கண்டதும் பாழாய்ப்போன கட்டைவிரல்தான் தானாக எழுந்தது. தங்கை முறைத்துப் பார்த்தாள். பிறகு சிரிப்பு தாங்காமல் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "என் மருமக என் மடியிலதான் ஒக்காரணும்! நாளக் குறிங்க!" என்று வரிசை வீடுகளுக்கெல்லாம் கேட்கும்படி கத்தினேன்.

"மெதுவா லா அண்ணே! பக்கத்து வீட்டுக்காரங்களும் புள்ளைங்களத் தூக்கிட்டு ஒன் மடிக்கு வந்துறப் போறாங்க" என்று சொல்லிக்கொண்டே காலண்டரை எடுக்க உள்ளே ஓடினாள்.