துண்டு போட்ட இடங்கள்

எங்கள் வீட்டில் லோடு என்றால் நெல் லோடுதான். திருவையாற்றுக்குப் பக்கத்துக் கிராமம், கணவர் விவசாயி, வேறு எப்படி இருக்கும்? நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு "சர்வர்ல லோடு ஏறிக்கிட்டே இருக்கு சார்" என்று சொல்லும்போதெல்லாம் அவர் வாசலிலிருந்து "எத்தன மூட்ட?" என்பார். கல்யாணமானதிலிருந்து இதே கிண்டல். எனக்கு இன்னும் சிரிப்பு வருகிறதே, அது அவருடைய அதிர்ஷ்டம்.

என் வேலை சொல்வதற்குச் சுலபம். சென்னையில் ஒரு கம்பெனி. அதன் ஊழியர்கள் வீட்டிலிருந்தே ஆபீஸ் கணினிக்குள் போக வி.பி.என். என்று ஒரு பாதுகாப்பான வழி. அந்த வழிக்கு வாசலாகச் சில சர்வர்கள். அவையும் தனித்தனி இயந்திரங்கள் இல்லை. ஒரே பெரிய இயந்திரத்தை மென்பொருளால் தடுத்துப் பிரித்தவை. ஒவ்வொன்றும் நலமாக இருக்கிறதா, உள்ளே எத்தனை பேர் என்று நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

அந்த வருடம் சம்பா நடவு முடிந்த சமயம், காலையில் ஆபீஸ் தொடங்கியதும் போன் வர ஆரம்பித்தது. "உள்ள போக முடியல மேடம்." என் ஸ்கிரீனைப் பார்த்தால் எல்லா சர்வரும் ஓடுவதாகப் பச்சை விளக்கு. ஒரு குறையும் இல்லை. ஆனால் ஆள் கணக்கு மட்டும் முட்ட முட்ட நிரம்பியிருந்தது. இடம் இல்லாததால் புதிதாக வருபவர்களைத் திருப்பி அனுப்புகிறது. சரி, கூட்டம் அதிகம் என்று நினைத்தால் அதுவும் இல்லை. அத்தனை பேர் உள்ளே இருந்தும் ஒருவரும் ஒரு வேலையும் செய்யவில்லை. சர்வர் சும்மா கிடந்தது. எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை.

சர்வரை நிறுத்தித் திரும்பப் போட்டேன். எல்லோரும் உள்ளே போனார்கள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் மறுபடியும் நிரம்பியிருந்தது. கூடுதலாக ஒரு சர்வர் ஏற்படுத்தினேன். அதுவும் நிரம்பியது. யார் இவர்கள்? எங்கிருந்து வருகிறார்கள்?

மேனேஜருக்கு மட்டும் எல்லாம் விளங்கிவிட்டது.

"மேடம், உங்க ஊர் லைன் மேலதான் எனக்கு சந்தேகம். அங்க கரண்ட் போயிப் போயி வருது, உங்க ஸ்கிரீன்ல பழைய கணக்குதான் தெரியுது, நிஜமான கோளாறு தெரியல. இந்த வாரமும் இப்படியே போச்சுன்னா சென்னைக்கே வந்துடுங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் ஊரை நான் திட்டலாம், அவர் திட்டக் கூடாது. ஆனாலும் உள்ளுக்குள் பயம். சென்னைக்குப் போனால் நான் மட்டும்தான் போக வேண்டும். நட்ட வயலைச் சுருட்டிக்கொண்டு யாரால் கூட வர முடியும்? காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் எங்கள் ஊரில் கரண்ட் போவதும் பொய்யில்லை. ஒருவேளை அவர் சொல்வதுதான் சரியோ என்றுகூடத் தோன்றியது.

அன்று உரம் வாங்கத் தஞ்சாவூர் போன கணவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார்.

"திருவையாறு வரைக்கும் நின்னுகிட்டே வந்தேன். கெளம்புறப்போ பஸ்ல ஆளே இல்ல. சீட்டுக்கு சீட்டு துண்டும் பையும்தான் கெடக்கு. கேட்டா ஆள் வருதுங்குறாங்க. எங்க வருது?"

சிரித்துக்கொண்டே தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். கொடுத்த கையோடு போய் ஸ்கிரீன் முன் உட்கார்ந்தேன். எத்தனை பேர் என்றுதான் இத்தனை நாளும் பார்த்துக்கொண்டிருந்தேன். யார் யார் என்று பார்க்கவில்லை. பெயர்களைத் திறந்தால் ஏறக்குறைய எல்லாமே ஒரே பெயர். அது ஆளே இல்லை. சர்வர் நலமா என்று சோதிக்கும் புரோகிராம்! ஊழியர்களைப் போலவே அடிக்கடி உள்ளே போய், வழி திறக்கிறதா என்று பார்த்துவிட்டு வெளியே வர வேண்டும். சமீபத்தில் சென்னையில் அதைத் திருத்தியவர்கள், வெளியே வருவதற்கான கட்டளை வரியை விட்டுவிட்டார்கள். போகிறது, பார்க்கிறது, அங்கேயே இருந்துவிடுகிறது. நலம் விசாரிக்க வந்தவர்களே ஆஸ்பத்திரிக் கட்டில் முழுக்கப் படுத்துக்கொண்ட கதை.

வரியைச் சேர்த்ததும் எல்லாம் சரியாயிற்று. மேனேஜரைக் கூப்பிட்டேன். "பிரச்சினை எங்க ஊர்ல இல்ல சார், உங்க ஊர்லதான்." சொல்லும்போது அவ்வளவு சந்தோஷம்.

அவர், "சூப்பர் மேடம். இதையெல்லாம் கண்டுபிடிக்கிற ஆளு ஆபீஸ்ல இருக்கணும். டீம் லீடா வந்துடுங்க" என்றார்.

"வரலைன்னா சார்?"

"பாக்கலாம்."

அந்தப் 'பாக்கலாம்' வேலை போவதில்தான் முடியும் என்று எனக்குத் தெரியும். போனை வைத்த பிறகு, நான் ஜெயித்தேனா தோற்றேனா என்றுதான் தெரியவில்லை. தப்பு என் ஊர் மேல் என்றாலும் சென்னை, இல்லை என்று நிரூபித்தாலும் சென்னை. இது என்ன கணக்கு?

கணவரிடம் சொன்னேன். "நல்ல சேதிதானே, போயிட்டு வா" என்றார். போகாதே என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. அன்று ரசத்தில் உப்பு கூட என்று அவர் சொன்னதற்கு நான் போட்ட சண்டை தெருவுக்கே கேட்டிருக்கும்.

கடைசியில் போவதென்று முடிவாயிற்று, ரயிலில் இடம் கிடைக்கவில்லை. தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டில் சென்னை பஸ் வந்து நிற்பதற்குள் கூட்டம் முண்டியது. நான் பையோடு திணறிக்கொண்டிருக்க, கணவர் ஓடிப்போய்த் தோளிலிருந்த துண்டை ஜன்னல் வழியாகப் போட்டார்.

"ஏறு, ஏறு. எடம் போட்டாச்சு."

ஏறினேன். ஜன்னலோரத்தில் அந்தத் துண்டு கிடந்தது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பஸ் புறப்பட்டது. திரும்பிப் பார்த்தபோது அவர் வெறுந்தோளோடு நின்றுகொண்டிருந்தார். துண்டைக் கொடுக்க மறந்துவிட்டேன்.