குரல் உயர்த்தாத பாட்டு

சலவைக் கடையில் துணி தேய்க்கும் அவளுக்கு வீட்டில் வழங்கிய பெயர் 'ஊமைச்சி'. ஊமையெல்லாம் இல்லை. குரல் மெல்லிசு, அவ்வளவுதான். எட்டு ஊருக்குக் கேட்கும்படி பேசுகிற குடும்பத்தில், அவள் ஒரு பேச்சைப் பாதி சொல்வதற்குள் மீதியை வேறு யாராவது சொல்லி முடித்துவிடுவார்கள். கல்யாணப் பேச்சு வந்தபோதுகூட "அவளுக்குச் சம்மதந்தான்" என்று சொன்னவர் அண்ணன். அவள் வேண்டாமென்றது யார் காதிலும் விழவில்லை. அந்தக் கல்யாணம் சீக்கிரமே முறிந்து, அண்ணன் கடைக்கே வந்து சேர்ந்தாள்.

வீடு மாறிப் போன ஒரு பல் டாக்டர், தூக்கிப் போக அலுத்து, ரெக்கார்டு பிளேயரையும் பழைய இசைத்தட்டு ஒன்றையும் கடையில் விட்டுப் போனார். உறையில் பொசா நோவா ஜாஸ், பிரேசில் நாட்டு இசை என்று போட்டிருந்தது. முள்ளை வைத்தாள். கிட்டார் தயங்கித் தயங்கி நடந்து வந்தது. ஒரு பெண் பாடினாள், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் சொல்வதுபோல, குரலை இம்மியும் உயர்த்தாமல். அவள் முடிக்கும்வரை காத்திருந்த சாக்ஸபோன், பிறகு மூச்சுக்காற்று கலந்து தன் பங்கைச் சொன்னது. யாரும் யார் பேச்சையும் வெட்டவில்லை. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு நின்றபடியே கேட்டாள்.

அன்றிலிருந்து தினமும் அதுதான். அண்ணனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பாடுறாளா, தூக்கத்துல பொலம்புறாளா? ஒரு வார்த்தையாவது புரியுதா உனக்கு?"

"புரியல. பிடிச்சிருக்கு."

"வர்றவங்கல்லாம் கொட்டாவி விடுறாங்க. சத்தத்தையாவது கூட்டு."

"கூட்டினா கெட்டுடும்ணா."

அண்ணன் பிளக்கைப் பிடுங்கிவிட்டார். தேய்த்த துணியை வாங்கிப் போக இரண்டு பேர் காத்திருந்தார்கள். அவள் போய் இஸ்திரிப் பெட்டியின் பிளக்கையும் பிடுங்கிவிட்டு முக்காலியில் உட்கார்ந்தாள்.

"என்ன இது?"

"பாட்டு நின்னா வேலையும் நிக்கும்."

"நாலு பேர் முன்னாடி என்னை எதுத்துப் பேசுறியா?"

"ஆமா."

அதே மெல்லிய குரல்தான். கடை முழுக்கக் கேட்டது.

"அப்ப நானே தேய்ச்சுக்கிறேன்" என்று அண்ணன் பெட்டியைச் சூடாக்கி ஒரு சட்டையை விரித்தார். காலர் படிந்தால் முதுகு கசங்கியது. முதுகைச் சரிசெய்தால் காலர் சுருண்டது. சட்டைக்காரர் கனைத்தார்.

"அது பாட்டுக்குப் பாடிட்டுப் போகட்டுமே. எனக்குச் சட்டை வேணும்."

அண்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பிளக்கைச் செருகினார். தட்டு நின்ற இடத்திலிருந்து சுழன்றது. அவள் எழுந்து முள்ளைத் தூக்கி, முதல் பாட்டில் வைத்தாள்.

அண்ணனுக்கு இன்னும் அது பிடிக்கவில்லை. பாட்டு ஓட ஆரம்பித்தால் டீ குடிக்கக் கிளம்பிவிடுகிறார். அவள் தட்டைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்தையும் கேட்கிறாள்.