பத்து விநாடிக் கட்டம்

கோயம்புத்தூரில் படித்த காலத்தில் ப்ராக்ஸி கொடுப்பதில் நான் கில்லாடி. மூன்று தோழிகளுக்கு மூன்று குரலில் "பிரசன்ட் சார்" சொல்லுவேன். ஆக்லாந்தில், ஆல்பனி பகுதியிலுள்ள பல்கலைக்கழகத்தின் வகுப்புகளுக்கு வருகைப்பதிவு ஆப் வடிவமைக்கும் வேலை வந்ததும், "என்கிட்டயேவா?" என்று சிரித்துக்கொண்டேன். மாணவர்கள் தங்கள் போனில் ஸ்கேன் செய்ய, வகுப்புத் திரையில் தெரியும் கியூஆர் கட்டம் பத்து விநாடிக்கொருமுறை மாறும்படி வைத்தேன். படமெடுத்து, வீட்டில் தூங்குகிறவளுக்கு அனுப்பினாலும் செல்லாது.

ஒரு வகுப்பில் ஆப்பைச் சோதனைக்கு விட்டோம். நான்காம் வாரம், அந்த வகுப்பில் படிக்கும் யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தி என் மேசை முன்னால் வந்து நின்றாள். கையில் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தின் கடிதம். வருகை போதாது, விசாவுக்குச் சிக்கல் வரலாம், வெள்ளிக்கிழமைக்குள் விளக்கம் வேண்டும் என்று இருந்தது.

"ஏம்மா, ஒழுங்கா கிளாசுக்கு வந்திருந்தா இது வருமா?" என்று எரிந்து விழுந்தேன்.

"நான் ஒரு நாளும் விடேல்லை அக்கா. முன் வரிசையிலதான் இருந்தனான். உங்கட ஆப்தான் என்னைக் காணேல்லை."

கடிதத்தை என் மேசைமேல் வைத்தாள். ஆனாலும் நான் நம்பவில்லை. நான் விடாத கதையா!

மறுநாள் வகுப்பில் அவள் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தேன். நகரின் தென்கோடியில் இருக்கும் பாபடோயிட்டோயிலிருந்து பஸ் மாறி மாறி வந்து, எனக்கு முன்பே இருந்தாள். விரிசல் விட்ட பழைய போனை நீட்டினாள். கேமரா தெளிவதற்குள் கட்டம் மாறியது. மறுபடி நீட்டினாள், மறுபடி மாறியது. ஐந்து நிமிடத்தில் பதிவு மூடிக்கொண்டது. என் கண் முன்னாலேயே ஆப் அவளை 'வரவில்லை' என்றது.

"இத்தனை நாள் ஏம்மா சொல்லல?"

"என்ர போன்தான் சரியில்லை எண்டு நினைச்சன். லெக்சரர் என்னைப் பாக்கிறார்தானே எண்டு விட்டிட்டன்."

அட மடச்சி என்று என்னையே திட்டிக்கொண்டேன். சோதித்ததெல்லாம் என் புதுப் போனில். என்னைப் போன்ற கள்ளிக்கு வைத்த கண்ணியில் இவள் மாட்டியிருக்கிறாள். வெட்கமாக இருந்தது.

அன்றைக்கே அலுவலகத்துக்கு எழுதினேன்: தவறு அவளுடையதல்ல, என்னுடையது. லெக்சரரும் கையெழுத்துப் போட்டார். கட்டத்தை ஒரு நிமிடம் நிற்க வைத்தேன். அதுவும் முடியாதவர்கள் ஆப்பில் தங்கள் பெயரைத் தொட்டால், லெக்சரர் அவர்கள் முகத்தைப் பார்த்து ஒப்புக்கொள்ளலாம். ஒன்றிரண்டு ப்ராக்ஸி போனால் போகட்டும்.

வெள்ளிக்கிழமை அலுவலகம் கடிதத்தைத் திரும்பப் பெற்றது. திங்கட்கிழமை புது ஆப்பைச் சோதிக்கப் போனேன். அவள் தன் பெயரைத் தொட்டாள். முன்னால் நின்ற லெக்சரர் நிமிர்ந்து பார்த்துத் தலையசைத்து, தன் திரையைத் தட்டினார். விரிசல் திரையில் பச்சைக் குறி விழுந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அவள் போனை என் பக்கம் திருப்பினாள். "இப்ப என்னைக் கண்டிட்டுது அக்கா."