உடைமரத்தைக் காட்டி ஊட்டிய சோறு

பிள்ளை சாப்பிட வேண்டும் என்பதற்காகத் தாய் எதையும் கேட்டுவிடலாமா? எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை.

நாங்குநேரி தாண்டி எங்கள் பஸ் பஞ்சராகி நிற்கிறது. சாலையோரத்தில், வீட்டுமனை போடுவதற்காக ஒரு பழைய புல்டோசர் முள் நிறைந்த உடைமரங்களைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. மணிமுத்தாறு அணை கட்டும்போது காடு அழிக்க வந்த வண்டியாம். ஒவ்வொரு மரமும் சாயும்போது என் இரண்டு வயது மகள் வாயைப் பிளக்கிறாள். நான் தயிர்சாதத்தை ஊட்டிவிடுகிறேன். காலையிலிருந்து பட்டினி கிடந்தவள்.

புல்டோசர் டிரைவர் வண்டியை நிறுத்தி இறங்குகிறார். மகள் வாயை மூடிக்கொள்கிறாள்.

"அண்ணாச்சி, இன்னும் ஒண்ணே ஒண்ணு. பிள்ள இப்பதான் சாப்பிடுதா."

அவர் சிரித்தபடி மறுபடி ஏறுகிறார். மிச்சமிருந்த ஒரே மரத்தடியிலிருந்து ஒரு பெண் ஆடுகளை அவசரமாக விரட்டுகிறாள். மரம் விழுகிறது. மகள் கைதட்டி, ஒரு வாய் வாங்குகிறாள்.

அந்தப் பெண் என்னிடம் வருகிறாள்.

"காய் முத்தி நெத்தாகட்டும்னு இது ஒண்ண மட்டும் இவர்ட்ட சொல்லி விட்டுவச்சிருந்தேன் தாயி. விழுந்தத இன்னைக்கு ஆடு தின்னுரும். நாளைக்கு எங்கன பத்திட்டுப் போவேன்?"

"என்னைக்கா இருந்தாலும் தள்ளுத மரந்தானே" என்கிறார் டிரைவர், தரையைப் பார்த்தபடி.

அவள் என் கிண்ணத்தை எட்டிப் பார்க்கிறாள்.

"பிள்ளைக்கு வயிறு நெறஞ்சுதா?"

குத்தலா, அக்கறையா? தலை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

வீடு திரும்பிய பிறகும் மகள் "மரம் தள்ளு" என்றுதான் வாய் திறக்கிறாள். வேறு எதைக் காட்டி ஊட்டலாம்? தெரிந்த அம்மாக்கள் எழுதுங்களேன்.