முன் சீட்

குபெர்டினோவில் எங்கள் பக்கத்து வீட்டு ஆன்ட்டி எழுபதைத் தாண்டியவர். இளம் வயதில் ஓக்லாண்டில், கறுப்பின விடுதலைக்கான தீவிர இயக்கம் ஒன்றில் இருந்தவர். தலைக்கு டை அடிக்கும் என்னை ‘பேபி’ என்று கூப்பிடும் ஒரே ஜீவன். அவர் பேசுவது ஆங்கிலம்தான்; என் மண்டையில் அது எப்படியோ தமிழாகப் பதிந்திருக்கிறது.

தமிழ்ச் சங்கத்தில் கலாச்சாரச் செயலாளர் பதவி என்பது பொதுக்குழுவுக்கு வராதவனுக்குத் தரப்படும் தண்டனை. எனக்கும் அப்படித்தான் வந்தது. ஆண்டு விழாவில் அந்த இயக்கத்தைப் பற்றி யாரையாவது பேச வைக்கலாம் என்று முடிவானதும், வேலியோரம் ஆன்ட்டியைக் கேட்டேன்.

“நான் எதுக்கு? எங்க கிளைத் தலைவரைக் கூப்பிடு. பேச்சு அவருக்கு, வேலை எனக்குன்னு அப்பவே பிரிச்சுக்கிட்டோம்.”

அந்தத் தலைவர்தான் ஆன்ட்டியின் காதலர். கல்யாணத்துக்குப் போராட்டம் நேரம் தரவில்லையாம். தெருப் பிள்ளைகளுக்குக் காலை உணவு சமைத்தது ஆன்ட்டி. தலைவரின் பேச்சுகளை எழுதிக் கொடுத்ததும் ஆன்ட்டி. கூட்டத்தில் வாயைத் திறந்தால் தோழர்கள் “காபி இருக்கா?” என்பார்கள். தலைவர் சிறைக்குப் போன இரண்டு வருடம் கிளையை நடத்தியதும் ஆன்ட்டிதான். வெளியே வந்தவர் நேரே தன் நாற்காலியில் உட்கார்ந்து காபி கேட்டார். ஆன்ட்டி அவரையும் கிளையையும் விட்டுக் கிளம்பிவிட்டார்.

“நானும் வரேன் பேபி. நான்னு ஒருத்தி இருந்ததாவே காட்டிக்காம இத்தனை வருஷம் மேடை மேடையா பேசிட்டார். ‘அந்த ரெண்டு வருஷம் இவதான் தலைவி’ன்னு ஒரு வாக்கியம் போதும். என் மூஞ்சியைப் பார்த்தாலாவது வருதான்னு பார்க்கறேன்.”

வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். தலைவருக்குக் கம்பீரமான குரல். கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். பேச்சில் சிறை வந்தது. அடுத்த வாக்கியத்திலேயே விடுதலையும் வந்தது. நடுவில் கிளை தானாக நடந்திருக்க வேண்டும். ஆன்ட்டி கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

நான் தலைவருக்குப் பொன்னாடை போர்த்தினேன். எங்கள் சங்கத்தில் பொன்னாடைக்கு அடுத்த வரி எப்போதும் ஒன்றுதான். மைக் பிடித்தவன் தூக்கத்தில்கூடச் சொல்லிவிடுவான். தமிழிலும் ஆங்கிலத்திலுமாகச் சொன்னேன்: “அவரது துணைவியாரையும் மேடைக்கு அழைக்கிறோம்.” என் கை, அரங்கிலிருந்த ஒரே கறுப்பினப் பெண்மணியை நோக்கி நீண்டது. பெண்ணுரிமை பற்றி நான் படித்த புத்தகங்களில் ஒன்றுகூட அந்தக் கையைப் பிடித்து நிறுத்தவில்லை.

ஆன்ட்டி நிதானமாகப் படியேறி வந்து மைக்கை வாங்கினார்.

“நான் இவர் மனைவி இல்லை. இவர் ஜெயில்ல இருந்த ரெண்டு வருஷம், இவர் கிளைக்குத் தலைவி.”

பெரியவர் பொன்னாடையின் நுனியைத் திருகினார். பிறகு மைக் இல்லாமலே, “ஆமா. என்னைவிட நல்லா நடத்தினா” என்றார். முதல் சில வரிசைகளுக்குக் கேட்டிருக்கும்.

கீழே இறங்கியதும் என் மனைவி சொன்னாள்: “கல்யாணமும் பண்ணி வெச்சு, டைவர்ஸும் வாங்கிக் கொடுத்தாச்சு. அந்த சாம்பார் அண்டாவையாவது ஒழுங்காத் தூக்குங்க.”

விழா முடிந்து ஆன்ட்டியை முன் சீட்டில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

“கடைசியில வந்துடுச்சே, அந்த வாக்கியம்?”

“நான் எழுதிக் கொடுத்தப்புறம் வந்துச்சு. எப்பவும் போல.”

வாசலில் பெரியவர் பொன்னாடையோடு தனியாக நின்றிருந்தார். அவரை ஹோட்டலில் விடவேண்டிய பொருளாளரைக் காணோம். ஆன்ட்டி கார்க் கண்ணாடியை இறக்கிச் சற்று நேரம் அவரையே பார்த்தார்.

“அந்தச் சால்வை அவருக்கு நல்லாத்தான் இருக்கு” என்றார். “நிறுத்து பேபி, ஏறிக்கட்டும்.”

பெரியவர் வந்து முன் கதவைத் திறந்து, ஆன்ட்டி இறங்கட்டும் என்று காத்து நின்றார்.

“பின்னாடி இடம் இருக்கு” என்றார் ஆன்ட்டி.

நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முன் கதவு சாத்தப்பட்டது. கொஞ்சம் கழித்துப் பின் கதவு திறந்தது.