மாமா முழுகவிடாத கப்பல்

இப்போதெல்லாம் கைப்பேசியைத் திறந்தால் யாராவது ஒருவர் கண்ணை உருட்டிக்கொண்டு, டைட்டானிக் உண்மையில் முழுகவே இல்லை என்று ஆரம்பித்துவிடுகிறார். முழுகியது வேறு கப்பலாம், எல்லாம் இன்சூரன்ஸ் பணத்துக்காகச் செய்த சதியாம். போன வாரம் அலுவலகத்தில் ஒரு பையன் இதை என்னவோ தானே கண்டுபிடித்த மாதிரி சொல்லிக்கொண்டிருந்தான். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அடப்பாவி, இதையெல்லாம் நான் நாலாம் வகுப்பிலேயே கரைத்துக் குடித்தவள். அதுவும் திருத்தணியில், குட்டி யானை ஓட்டுகிற என் தாய்மாமன் வாயால். குட்டி யானை என்றால் பயப்பட வேண்டாம், சின்ன லோடு வண்டிக்கு அப்படிப் பெயர். மாமா சொன்ன அழகில் பாதிகூட இந்த வீடியோக்காரர்களுக்கு வராது.

எங்கள் அப்பா சரக்குக் கப்பலில் ஃபிட்டர். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். பள்ளிப்பட்டு ரோட்டில் கொஞ்சம் நிலம் இருந்தது. அதில் வேர்க்கடலை போட்டுப் போட்டு நொந்துபோய்த்தான் அவர் கப்பலுக்குப் போனார். "கடலை காப்பாத்தல, அதான் பாவா கடலுக்கே போயிட்டாரு" என்று அக்கா புருஷனை மாமா கிண்டல் செய்வார். நைனா ஊரில் இல்லாத மாதங்களில் மாமா எங்கள் வீட்டோடு இருப்பார். ஞாயிற்றுக்கிழமையானால் ஏதாவது ஒரு துறைமுகத்திலிருந்து நைனாவின் போன் வந்துவிடும். வராவிட்டால் அம்மாவுக்குச் சோறு இறங்காது.

அந்த வருஷம் ஒரு ஞாயிறு போன் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. கப்பல் கம்பெனியின் சென்னை ஆள், தகவல் ஒன்றும் இல்லை, விசாரித்துக்கொண்டிருக்கிறோம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். என்னிடம், கடலில் டவர் கிடைக்காது என்று சொல்லிவைத்தார்கள். நானும் நம்பினேன். மலைக்குப் பின்பக்கம் போனாலே டவர் கிடைக்காதே, கடலில் எப்படிக் கிடைக்கும்? வீட்டில் கேபிள் ஒயரை எலி கடித்துவிட்டதாகச் சொல்லி டி.வி.யையும் மூடிவிட்டார்கள். எந்த எலி அவ்வளவு நேராகக் கடிக்கும் என்று மட்டும் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது.

நம்பிக்கை எல்லாம் பள்ளிக்கூடத்தில் போயிற்று. என் பக்கத்தில் உட்காருகிற பெண், புத்தகத்தில் டைட்டானிக் படத்தைக் காட்டி, "உங்க நைனா கப்பலும் இப்டித்தான் முழுகிப் போச்சாம், எங்கம்மா சொல்லிச்சி" என்றாள். அவள் ஜடையைப் பிடித்து இழுத்துவிட்டு, நானே அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வாசலில் மாமா வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் பைப்பைக் கீழே போட்டார். தண்ணீர் பாட்டுக்கு ஓடியது. ஈரக் கையால் என் கண்ணைத் துடைத்தார். பிறகு, "கப்பல்னா முழுகாது பாப்பா. எந்தக் கப்பலும் முழுகாது. அந்த டைட்டானிக்கே முழுகல" என்றார்.

சொன்ன பிறகு அவருக்கே தூக்கிவாரிப் போட்டிருக்க வேண்டும். நான்தான் விடுகிற ஆளா? உள்ளே ஓடிப்போய்ப் புத்தகத்தை எடுத்துவந்து, பாதி உடம்பு தண்ணீருக்குள் போய்க் கிடக்கிற கப்பலை அவர் மூக்குக்கு நேராக நீட்டினேன். படத்தை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"இது டைட்டானிக்கே இல்ல."

"பேரு போட்டுக்கீது பாரு மாமா."

"பேரு யார் வேணா எழுதலாம். ரெண்டு கப்பல் கட்டினாங்க, அக்கா ஒண்ணு, தங்கச்சி ஒண்ணு. ஒரே ஜாடை. அக்கா கப்பல் எங்கியோ போயி இடிச்சிக்கினு ஒடம்பு நசுங்கிப் போச்சி. அதும்மேல டைட்டானிக்னு எழுதி, இன்சூரன்ஸும் போட்டு அனுப்பிட்டானுங்க. நம்ம ஆந்திரா பார்டர்ல நம்பர் பிளேட்ட மாத்திக்கினு டிராக்டர் வரல? அதே கேஸ்தான்."

"அப்ப நெஜ டைட்டானிக்?"

"பேர மாத்திக்கினு ஓடிக்கினு கீது. யாருக்குத் தெரியும்?"

எனக்கு ஒரு நிமிஷம் நெஞ்சு குளிர்ந்துவிட்டது. ஆனால் என் புத்தி சும்மா இருக்காதே. அப்படியானால் அக்கா கப்பல் முழுகிவிட்டதல்லவா, அதுவும் கப்பல்தானே என்று கேட்டுவிட்டேன். மாமா பின்பாக்கெட்டிலிருந்து சீப்பை எடுத்துத் தலை சீவ ஆரம்பித்தார். பதில் தெரியாதபோது அவர் செய்கிற வேலை அது. அந்தத் தலைமுடியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நெற்றியில் சுருண்டு விழுகிற அடர்த்தியான முடி. அதற்கென்று தனி எண்ணெய், தனி சீப்பு. நான் விளையாட்டாகக் கலைத்தால்கூட அன்றைக்கெல்லாம் என்னோடு பேச மாட்டார். வயல், வீடு என்று பெரிதாக ஒன்றும் இல்லாத மாப்பிள்ளைக்கு அந்த முடிதான் சொத்து என்று அம்மாவே சொல்வாள்.

மறுநாள் சாயங்காலம் பதிலோடு வந்தார். அக்கா கப்பலும் முழுகவில்லையாம். அது தண்ணீருக்கு அடியில் போகிற ஜாதியாம். முழுகுகிற மாதிரி பாவலா காட்டிவிட்டு அடியிலேயே ஓடிவிட்டதாம். நான் ஐஸ் மலையைச் சொன்னேன். "ஐஸாவது மலையாவது! மே மாசத்துல ஒரு குச்சி ஐஸ் வாங்கிக்கினு ரயில்வே கேட்டு தாண்டறதுக்குள்ள கையில குச்சிதான் மிஞ்சுது. கடலு பூரா உப்புத் தண்ணி, அதுல ஐஸ் நிக்குமா?" என்றார். அது குளிர் நாடு என்றேன். "நீ போயி பாத்தியா?" என்றார். இப்படிக் கேட்டால் யார்தான் என்ன சொல்வது?

அதற்கடுத்த நாள் கப்பலின் சொந்தக்காரன் ஏன் அதில் கடைசி நேரத்தில் ஏறவில்லை என்று ஒரு கேள்வியைப் போட்டு, என்னை ராத்திரி பூராவும் யோசிக்க வைத்தார். இன்னொரு நாள், புது வண்டி எடுத்தால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோமே, கப்பலுக்குச் சக்கரமே கிடையாது, எதில் நசுக்குவது என்று வெள்ளைக்காரர்கள் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு முழித்ததை நடித்துக் காட்டினார். கடைசியில் கப்பல் கேப்டனே பழத்தைப் பிழிந்து குடித்துவிட்டுப் போனானாம், அங்கேதான் ஆரம்பித்ததாம் வினை.

உள்ளே அடுப்படியில் அம்மா சிரித்துவிட்டாள். ரொம்ப நாளைக்கப்புறம் அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு. எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. நான் எவ்வளவு பெரிய விஷயத்துக்கு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன், இவளுக்குச் சிரிப்பு வருகிறதாம்! அன்றிலிருந்து மாமா தன் கச்சேரியை வாசலிலிருந்து அடுப்படிப் பக்கம் மாற்றிக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற எனக்குச் சொல்வதற்கு எதற்கு அந்தச் சத்தம் போடுகிறார் என்று எரிச்சலாக இருக்கும். அம்மா தட்டில் சோற்றைப் போட்டு மடியில் வைத்துக்கொண்டு கேட்பாள். கதை முடிகிறபோது தட்டு காலியாக இருக்கும்.

நடுவில் ஒருநாள் மாமா காலை ரயிலில் சென்னைக்குப் போனார், கம்பெனியில் நேரில் விசாரிக்க. திரும்பி வந்தவர் அம்மாவிடம் ஏதோ சொன்னார். அம்மா எழுந்துபோய்க் கிணற்றடியில் நின்றுகொண்டாள். நான் மாமாவைப் பிடித்துக்கொண்டேன். அன்றைக்கென்று புதிதாக ஒன்றும் அவரிடம் இல்லை. பழைய அக்கா தங்கச்சியையே மறுபடி எடுத்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"நீ சொல்றதெல்லாம் பொய்யி. பொய்யின்னா இன்னா செய்வ?"

"பொய்யின்னா மொட்ட அடிச்சிக்கிறேன், போ."

"சத்தியமா?"

மாமா என்னைப் பார்க்கவில்லை. மலைப் பக்கம் பார்த்துக்கொண்டு, "சத்தியமா" என்றார். கிணற்றடியிலிருந்து அம்மா, "டேய், வாய வச்சிக்கினு சும்மா கெட. அடுத்த மாசம் பொண்ணு பாக்கப் போவணும்" என்றாள். மாமா சீப்பை எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு வந்தது ஒரு மத்தியானம். பள்ளிக்கூடம் லீவு. அம்மாவின் போன் அடித்தது. திரையில் நீளமாக, என்னவோ புரியாத நம்பர். அம்மா போனைக் கையில் எடுத்து நம்பரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் பிடுங்கி அமுக்கி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்தேன்.

"யாரு, பாப்பாவா?"

நைனா! நைனாவின் குரல்! இஞ்சின் நின்றுபோய், ரேடியோவும் போய், நடுக்கடலில் மிதந்துகொண்டே கிடந்தார்களாம். "வேற கப்பல் ஒண்ணு பாத்துட்டு, கயிறு கட்டி இஸ்துகினு வந்து கரை சேத்துது. எல்லாரும் நல்லாக்கீறோம்மா" என்றார். அம்மா அப்படியே சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்து, "பாவி மனுசா, பாவி மனுசா" என்று திட்டித் திட்டி அழுதாள். மாமா போனை வாங்கி, "பாவா" என்றார். மறுபடியும் "பாவா" என்றார். அப்பாடா! நான் வீட்டைச் சுற்றிச் சுற்றி ஓடினேன்.

ஓடி முடித்ததும் முக்கியமான வேலை ஞாபகம் வந்தது. போனில் வாயை வைத்து, "நைனா, டைட்டானிக் முழுகிச்சா, இல்லியா?" என்று கத்தினேன்.

"முழுகிச்சேம்மா. ஏன்?"

கப்பலில் வேலை செய்கிற ஆளே சொல்லியாகிவிட்டது. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? நான் மாமாவைப் பார்த்தேன். அவர் சட்டைக் கையில் முகத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "ஆங், முழுகிடுச்சி, முழுகிடுச்சி. முழுகிட்டுப் போவட்டும் வுடு" என்றார். இவ்வளவு சுலபமாகத் தோற்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இதற்குத்தானா அத்தனை சண்டை?

மறுநாள் விடிந்ததும் மாமாவைக் காணோம். வெயில் ஏறினபோது மலைப் படியிறங்கி வந்தார். தலையில் ஒரு முடி இல்லை, மண்டை முழுக்கச் சந்தனம். நான் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. "எங்க மாமா பந்தயத்துல தோத்துட்டாரு!" என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். கேட்டவர்களுக்கெல்லாம் மாமாவும், "ஆமா, பாப்பா கிட்ட தோத்துட்டேன்" என்றார். பெண் பார்க்கப் போகிற சமயத்தில் இப்படிச் செய்ததற்கு அம்மா விளக்குமாற்றைத் தூக்குவாள் என்று காத்திருந்தேன். அவள் என்னடாவென்றால் அந்த மொட்டை மண்டையில் கையை வைத்து அழுதாள். ஒரு திட்டு இல்லை. எனக்குப் பெரிய ஏமாற்றம்.

பெண் வீடு பொதட்டூர்பேட்டையில். வீட்டிலேயே தறி ஓடுகிற குடும்பம். நாங்கள் போனதும் தறியை நிறுத்திவிட்டுப் பாய் விரித்தார்கள். முடி கொஞ்சம் முளைத்திருந்தது, ஆனால் அது இன்னும் மோசமாக இருந்தது. பெண்ணின் அப்பா மாமாவின் தலையைப் பார்த்தார், பார்க்காத மாதிரி வெளியே பார்த்தார், மறுபடி பார்த்தார். கடைசியில் தயங்கித் தயங்கி, "மாப்ளைக்குத் தலையில ஏதாச்சும்..." என்று இழுத்தார். மாமா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டு, "பந்தயத்துல தோத்துட்டாருங்க" என்றேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள். மாமா தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாங்க" என்றார். பந்தயம் கட்டுகிற மாப்பிள்ளையா என்று பெண்ணின் அம்மா முகம் சுண்டிப்போயிற்று. காரியம் கெட்டது என்று எனக்கே புரிந்தது.

அப்போது உள்ளேயிருந்து அந்தப் பெண் என்னைக் கூப்பிட்டாள். கையில் ஒரு முறுக்கைக் கொடுத்து, என்ன பந்தயம் என்று கேட்டாள். கேட்டால் போதாதா எனக்கு? டைட்டானிக், அக்கா தங்கச்சி, நம்பர் பிளேட், குச்சி ஐஸ், எலுமிச்சம்பழம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். நைனாவின் போன் வராததையும் சொன்னேன். எலுமிச்சம்பழத்துக்கு அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"மொட்ட எப்ப போட்டாரு?"

"நைனா போன் வந்துச்சி இல்ல, அதுக்கு மறுநா காத்தாலியே."

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. "எதுக்கு மொட்டன்னு உங்கம்மா கிட்ட கூட அவர் வேற ஒண்ணும் சொல்லலியா?" என்று கேட்டாள். தோத்துட்டேன் என்று ஒத்துக்கொண்டபிறகு வேறு என்ன சொல்வார் என்றேன். அவள் கதவு இடுக்கு வழியாகக் கூடத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த மாமாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தன் அம்மாவைக் கூப்பிட்டு, "எனக்குச் சரி, சொல்லிடு" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

பந்தயத்தில் தோற்றால் சொன்ன சொல் தவறாத ஆள், அதனால்தான் அந்தப் பெண்ணுக்குப் பிடித்துவிட்டது என்று நான் முடிவு கட்டினேன். யாத்திரைக்காரர்களின் மொட்டைத் தலை கண்ணில் படாத நாளே இல்லாத ஊரில் பிறந்தவள் நான். ஜனங்கள் எதற்காக மலையேறி முடி கொடுக்கிறார்கள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். மாமா விஷயத்தில் மட்டும் எனக்கு அது தோன்றவே இல்லை. எங்கள் அத்தையாகி வீட்டுக்கு வந்தபிறகும் அவள் அதைப் பற்றி என்னிடம் வாயே திறக்கவில்லை. கல்லூரிக்குப் போகிற வரைக்கும், மாமாவுக்கு மொட்டை அடித்தது நான்தான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மாமாவும் பக்கத்தில் நின்று, "ஆமா, அவதான்" என்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.